மந்தைவெளியின் முதல் பஸ்

நவம்பர் 6, 1995. திங்கள்

விடியும் முன்பே தூறல். குடையில் ஒரு கம்பி போய்விட்டது. மாற்ற வேண்டும்.

ஐந்தரை மணி முதல் பஸ் கிடையாதாம். மந்தைவெளி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் ஜன்னலுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தது: தி.நகர் முதல் நடை ரத்து. ஏன், எத்தனை நாளைக்கு, ஒன்றும் இல்லை. வண்டி என்னவோ அங்கேயேதான் நிற்கிறது. ராத்திரி வந்து நின்ற இடத்தில், உள்ளே டிரைவர் போர்த்திக்கொண்டு தூங்க.

கண்ணம்மா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரே சத்தம். தி.நகரில் கோயில் வாசலில் விற்பவள். "இன்னாம்மா இது, சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டானுங்க? கோயில் கூட்டம் போனப்புறம் நான் யாருக்குப் பூ விக்கறது?"

அடுத்த பஸ்ஸில் ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். தி.நகர் லேபுக்குப் போனால் மாடிப்படி முழுக்க ஆட்கள். சர்க்கரை டெஸ்டுக்கு ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வந்தவர்கள். ரத்தம் எடுப்பது நான், சாவியும் என்னிடம். யார் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்தேன்.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், அம்மாவுக்குக் கண் மருந்து.

நவம்பர் 7

மழை விட்டிருந்தது. ஆட்டோவில் நான், கண்ணம்மா, அலமேலு மாமி, மடியில் பூக்கூடை. மாமி தி.நகரில் ஒரு வீட்டில் சமையல். "நான் போகலேன்னா அந்தாத்துல அடுப்பே மூட்ட மாட்டாடி சரோ. குழந்தைகள் பிரெட்டைத் தின்னுண்டு ஸ்கூலுக்குப் போறதுகள்." தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. மூவருக்குமே தெரியும்.

ஆட்டோ வழியில் நின்று இன்றும் தாமதம். டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "சரோஜா, கோடம்பாக்கத்துல ஒரு பையன் வேலை கேட்டு வந்திருக்கான். நடந்தே வந்துடுவானாம். நீங்க வேணா மத்தியான டூட்டிக்கு மாறிக்கறீங்களா?"

மத்தியானம் என்றால் ரிப்போர்ட் டைப் அடித்து உறையில் போடும் வேலை. மாட்டேன் என்றேன். குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே குத்தில் நரம்பு பிடிக்கும் கை இது. உறை ஒட்டவா?

"அப்ப டயத்துக்கு வாங்க."

வருவேன் சார்.

நவம்பர் 8

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை. ஏழு மணி பஸ்தான் கிடைத்தது. லேப் வாசலில் கும்பல். சாம்பமூர்த்தி சார், மாதாமாதம் வருகிறவர், படியில் நின்றபடியே சரிந்து விழுந்திருக்கிறார். நெற்றியில் ரத்தம். சட்டை வேர்வையில் தொப்பல். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, குளுக்கோஸ் கரைத்து வாயில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். "டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

அவர் மனைவி: "ஏம்மா, உன் வீட்டுல கடிகாரமே கிடையாதா?"

பஸ் கதையை அந்த அம்மாளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? காயத்துக்குத் தையல் வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் முதல் ஆளுக்கே நரம்பு பிடிபடவில்லை. எனக்கு! ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

சாயங்காலம் நேரே டிப்போ. அதிகாரி நல்லவிதமாகத்தான் உட்காரச் சொன்னார். "அந்த நடையில வசூல் இல்லம்மா. ஏறுறது யாரு? ஆயா, பூக்காரி, சமையல்காரம்மா. பத்து பேருக்கு ஒரு வண்டி விட முடியுமா?"

"அந்தப் பத்து பேர் போனாத்தான் சார் மத்தவங்களுக்குப் பொழுது விடியுது."

சிரித்தார். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவர் மேஜையில் மனுக்கள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. எழுதவில்லை.

நவம்பர் 9. வியாழன்

லீவு கேட்டு வாங்கினேன். ஒரு நாள்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

எதிர்த்த தெரு கரீம் பாய் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சொந்த வேன். விடியற்காலையிலேயே கழுவிவிட்டு, பிள்ளைகளை ஏற்றும் நேரம்வரை சும்மா நிறுத்தி வைத்திருப்பார். எங்களைத் தி.நகரில் விட முடியுமா என்று போய்க் கேட்டேன்.

"சும்மாதான் நிக்குது தங்கச்சி. ஆனா இது ஸ்கூல் வண்டி. போலீஸ்காரன் புடிச்சா?"

"நான் முன்சீட்ல உக்காருறேன் பாய். நான் பேசிக்கறேன்."

துணியைப் பிழிந்து உதறினார். "நீ பேசுவே. எனக்குத் தெரியும்."

வீட்டில் அம்மா: "உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போகாம, ஊருக்கெல்லாம் எதுக்குடி நாட்டாமை?" என் வேலையைத்தானே பார்க்கிறேன்.

நவம்பர் 10

வேன்! குட்டி சீட்டுகள். மாமியின் முழங்கால் மோவாயைத் தொட்டது. யாரோ ஒரு குழந்தை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. ஆழ்வார்பேட்டை வந்தபோதுதான் நன்றாக வெளிச்சம். கண்ணம்மா ஒரு முழம் பூவைக் கண்ணாடியில் தொங்கவிட்டாள். பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் நோயாளி வருவதற்குள் லேபைத் திறந்து, பெருக்கி, ஊசிகளை எடுத்து வைத்து, காபியும் குடித்தாயிற்று. டாக்டர் வந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் அறைக்குப் போனார்.

நவம்பர் 11. சனி

தி.நகருக்குள் நுழையும்போது போலீஸ்காரர் கை காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஸ்கூல் வண்டின்னு எழுதியிருக்கு. நீங்கள்லாம் எந்த கிளாஸ்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி: "நான் ஒண்ணாங்கிளாஸ். வருஷா வருஷம் ஃபெயில்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் இறங்கி எல்லாம் சொன்னேன், பஸ், லேப், படியில் விழுந்தவர். கேட்டுக்கொண்டார். "இன்னிக்குப் போங்க. இன்னொரு வாட்டி பாத்தா வண்டி ஸ்டேஷனுக்குத்தான் வரும்."

இறங்கும்போது பாய் மெல்லச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதே தங்கச்சி. எனக்குப் பொழப்பே இந்த வண்டிதான்."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவரை வற்புறுத்துவது நியாயம் இல்லை.

நவம்பர் 12. ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அப்போதுதான் தோன்றியது. வண்டி அங்கேயே நிற்கிறது. டிரைவர் அதிலேயே தூங்குகிறார். போய் ஏறி உட்கார்ந்தால்?

சாயங்காலம் முழுக்க அலைச்சல். முதல் பஸ்ஸில் வரும் முகங்கள் எல்லாம் தெரியும், வீடு தெரியாது. மாமிக்குக் கொஞ்சம், கண்ணம்மாவுக்குக் கொஞ்சம் தெரிந்தது. அபிராமபுரத்தில் நர்சிங்ஹோம் ஆயா ஒருத்தி வாசலிலேயே கேட்டாள்: "கத்தணுமா அக்கா?" கத்த வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

நவம்பர் 13

கொட்டும் மழை. வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். நான் எண்ணியதைவிட அதிகம் பேர். முக்காடு, கோணிப்பை, பிளாஸ்டிக் ஷீட்.

ஏறினோம். உட்கார்ந்தோம். ஈரத்தில் சீட்டெல்லாம் சொதசொத. டிரைவர் எழுந்து கண்ணைக் கசக்கினார். கண்டக்டர் ஓடி வந்தார்.

"இது ஏழு மணி வண்டிம்மா. எறங்குங்க."

"மழை பேயுது. உக்காந்துகினு கீறோம். நீ எப்ப எடுக்கறியோ எடு," என்றாள் கண்ணம்மா.

நான் சில்லறையை நீட்டினேன். தி.நகர் ஒண்ணு. பின்னால் இருந்தவர்களும் நீட்டினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், இறங்கிப் போய் டைம் கீப்பரைக் கூட்டிவந்தார். அவர் டிப்போவுக்குப் போன் போட்டார். "யாரு பேசுறதுன்னு கேக்குறாரு" என்று என்னை அழைத்தார்.

அதே அதிகாரி. தூக்கக் குரல். "என்னம்மா, மறியலா?"

"இல்ல சார். பிரயாணம். வண்டி இருக்கு, டிரைவர் இருக்கார், கண்டக்டர் இருக்கார், டிக்கெட்டுக்குக் காசோட நாங்க இருக்கோம். வேற என்ன சார் வேணும் ஒரு பஸ் போக?"

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி. பிறகு: "இன்னிக்கு ஒரு நாள் போகட்டும். டைம் கீப்பர் கிட்ட குடு."

விசில். வண்டி நகர்ந்ததும் யாரோ கை தட்டினார்கள். மாமி அழுதுகொண்டிருந்தாள். கேட்டால், மழைத் தண்ணியாம்.

நவம்பர் 14

இன்றும் போய் உட்கார்ந்தோம். இன்றும் "ஒரு நாள்."

நவம்பர் 15

அதிகாரியே குடையோடு நிலையத்தில். ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேப்பர் போடுகிறவர்கள், கல்யாணச் சத்திரத்தில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், ஒரு நாதஸ்வரக்காரர்கூட. நின்றுகொண்டுகூட ஆள் இருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வணக்கமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. நானும் அசைத்தேன்.

நவம்பர் 17. வெள்ளி

சாக்பீஸ் எழுத்தை அழித்துவிட்டார்கள். முதல் நடை உண்டு. ராத்திரி கடைசி பஸ் மட்டும் இனிமேல் இல்லையாம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கிறார்கள். அதற்கும் ஆள் இருக்கும், பார்ப்போம்.

கண்ணம்மாவுக்குத்தான் கஷ்டம். அவள் தாமதமாகப் போன நாட்களில் கோயில் வாசல் இடத்தை வேறொருத்தி பிடித்துவிட்டாள். இப்போது பக்கத்துச் சந்தில் உட்காருகிறாள். "அவளுக்கும் புள்ளை கீது, இன்னா பண்றது?" என்றாள். சந்துக்குள் போய் இரண்டு முழம் வாங்கினேன். காசு வேண்டாம் என்றாள். கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

டாக்டர்: "அந்தக் கோடம்பாக்கம் பையனை வரவேண்டாம்னு சொல்லிட்டேன்." சரி சார். அவ்வளவுதான் பேச்சு.

நவம்பர் 18

வெயில். துணி காய்ந்தது.

மாமியாரை ரத்த டெஸ்டுக்கு அழைத்துவந்த ஒரு பெண், டெஸ்ட் முடிந்தும் போகாமல் நின்றாள். கோட்டூர்புரம், ஹவுசிங் போர்டு வீடு. பெயர் லதா. "பஸ்ல ஏறி உக்காந்தது நீங்கதானா? எங்க பக்கத்து வண்டியையும் நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமைகூட இல்ல."

"வண்டி ராத்திரி எங்க நிக்குது?"

"எங்க தெரு முனையிலதான்."

"டிரைவர்?"

"அதுலயேதான் தூங்குறாரு."

நாளைக்கு எனக்கு லேப் கிடையாது. எத்தனை பேரைக் கூட்டிவர முடியும் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கையும் போதவில்லை.

அலாரம் வைத்தாயிற்று. அம்மா நாளைக் காபிக்குப் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.