வெள்ளிக் கன்னம்

தூத்துக்குடி,
12-8-1975

அன்புள்ள இசக்கித்தாய்க்கு, மாடக்கண்ணு எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நானே சோறு வடித்துச் சாப்பிடுகிறேன், பாதி நாள் குழைந்துபோகிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை. தங்கச்சி ஆறுமுகத்தாய்க்கு ஒரு வார்த்தை: நீ படிக்கத் தெரிந்தவள் என்றுதான் உன்னைத் துணைக்கு அனுப்பினேன். இதை எதையும் விடாமல் மதினிக்கு வாசித்துக் காட்டு.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வருகின்றன. இனி பழைய துறைமுகத்தில் வேலை இருக்காது என்று பயமுறுத்தினார்கள். ஆனால் கொழும்புத் தோணிகளுக்கு மூட்டை ஏற்றியே எங்களுக்கு இடுப்பு ஒடிகிறது. மாதா கோயில் திருவிழாக் கடைகளை இப்போதுதான் பிரித்தார்கள். உன் சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

உன் கடிதத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே சுவரில் யாரோ ஒரு புண்ணியவான் பெயர் எழுதியிருக்கிறது, ஊரான் தர்மத்தில் படுத்துக்கொண்டு கஞ்சி குடிக்க உடம்பு கூசுகிறது, கன்னத்துப் புண்ணுக்குக் கரண்ட் வைத்தவரைக்கும் போதும், வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். பாதியில் நிறுத்தினால் புண் மறுபடி கிளம்பிவிடும் என்று டாக்டர் சொன்னதை அதே கடிதத்தின் கடைசியில் ஆறுமுகத்தாய் சேர்த்து எழுதியிருக்கிறாள். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் பெயரில் அம்மனுக்கு வெள்ளி உருத் தகடு நேர்ந்திருந்தேன் அல்லவா, அதைச் செய்யச் சொல்லலாம் என்று தளவாய் கடைக்குப் போனேன். கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால், வயிறு எல்லாம் இருக்கிறது. கன்னம் மட்டும் இல்லை. இதுவரை யாருமே கேட்டதில்லையாம். "கன்னத்த மட்டும் தனியா அடிச்சா தோசை மாதிரில்லா இருக்கும் அண்ணாச்சி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் அவர் மேசையில் ஒரு தகர உண்டியலைப் பார்த்தேன். நீ இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர் ஒட்டியிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? இதை யார் திறப்பார்கள், பணம் எங்கே போகும் என்று துளைத்து எடுத்துவிட்டேன். தளவாய் பொறுக்கமாட்டாமல், உண்டியல் வைத்தவர்களிடமே கேளுங்கள் என்று கிருபை டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

டீச்சருடைய அம்மாவும் இதே வாய்ப்புற்று நோயில்தான் போனார்களாம். அந்தக் காலத்தில் காட்ட இடமில்லை. அதனால்தான் டீச்சர் லீவு நாளில் கடை கடையாக ஏறி இறங்குகிறார். உனக்குக் கரண்ட் வைக்கிற மெஷின்கூட இப்படிப் பல ஊர்க்காரர்கள் போட்டதில் வாங்கியதாம். அதில் யார் பெயரும் இல்லையாம், அத்தனை பேரையும் எழுத இடம் போதாதாம். கஞ்சி, மருந்து, ஊர் திரும்பும் ஏழைகளுக்கு ரயில் டிக்கெட், எல்லாம் இதிலிருந்துதான். ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது என்றார். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. கட்டிலுக்குக் கொடுத்தால் கட்டில் கண்ணுக்குத் தெரியும், ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் கோபப்படவில்லை. உங்கள் வீட்டுக்காரி புகையிலையை வாயில் எந்தப் பக்கம் அடக்குவாள் என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். புண் எந்தப் பக்கம் என்றார். அதுவும் இடதுதான் என்றேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரோ உட்கார்ந்து ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார்கள், அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி என்றார்.

அப்போதுதான் உன் முந்தின கடிதம் நினைவுக்கு வந்தது. காகிதமும் கையுமாக ஒரு பெண் வந்து எப்போது போடத் தொடங்கினாய், தூங்கும்போதும் வாயில் இருக்குமா என்று நச்சரிக்கிறாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன் என்று எழுதச் சொன்னாயே, அவள் வந்தது இதற்குத்தான்.

வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. தெருவில் பெண்களிடமெல்லாம் எந்தப் பக்கம் அடக்குகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். மாடக்கண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். எதிர்வீட்டுத் தங்கத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வலது பக்கம் என்று வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளையாக ஒரு படை. உனக்கு முதலில் இருந்த அதேதான். யாரிடமும் சொல்லவில்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இசக்கி அக்கா முழுசா வைத்தியம் பாத்துட்டு வரட்டும் அண்ணாச்சி, அதப் பாத்துட்டு நான் போறேன்." நீ பாதியில் வந்து நின்றால் அவள் போகவே மாட்டாள். அவளுக்கு மூன்றும் சின்னப் பிள்ளைகள்.

இசக்கி, நீ யாரிடமும் சும்மா வாங்கித் தின்றவள் இல்லை. நாற்று நடப் போன இடத்தில் ஒரு வாய் மோர் கொடுத்தால்கூட ஒரு வரிசை கூட நட்டுவிட்டு வருகிறவள். அந்தப் புத்தியை நான் மாற்றச் சொல்லவில்லை. கட்டிலை வாங்கிக்கொண்டாய், பதிலைக் கொடுத்துவிடு. அந்தப் பெண்ணை உட்காரவைத்து, யார் பழக்கிவிட்டார்கள், எந்தப் பக்கம், எத்தனை நேரம் என்று எல்லாவற்றையும் சொல். நம் பக்கத்துப் பெண்களைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும்? அதுவும் ஒரு தர்மம்தான். யாருக்குப் போய்ச் சேரும் என்று தெரியாமல் தளவாய் கடை உண்டியலில் போடுகிறார்களே, அதைப் போல.

நானும் வெற்றிலை புகையிலையை நிறுத்திவிட்டேன். அதற்கு ஆகிற காசு இப்போது அந்த உண்டியலுக்குப் போகிறது. பல் நமநமக்கிறது, எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். நீ இருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பாய்.

தைரியமாக எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைய மனம் வரவில்லை. அதனால்தான் ஊரெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

அம்மன் உனக்குத் துணையிருப்பாள். அவளுக்கு நேர்ந்த கடன் அப்படியே நிற்கிறது. டீச்சர் வீட்டிலிருந்து வரும்போது மறுபடி தளவாய் கடைக்குப் போனேன். கன்னத்துக்கு அச்சு இல்லை, ஆளைப் பார்த்தால்தான் அடிக்க முடியும் என்கிறார். "மதினி வந்து இங்கன உக்காரட்டும். பாத்துச் செஞ்சு தாரேன்" என்று உனக்காக ஒரு முக்காலியைத் துடைத்து ஓரமாகப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், வேறு யாரையும் அவர் அதில் உட்காரவிடுவதில்லை.

முழுசாக முடித்துக்கொண்டு வா.

உன் முகம் காணக் காத்திருக்கும்,
மாடக்கண்ணு