பச்சைக் கொப்பு

அன்பு மகனுக்கு,

சில்க்போர்க்கில் உன் வீட்டுச் சுவரில் அந்த மான் கொம்பைக் கண்டதும், நீ சமைத்த மானிறைச்சியைத் தொடாமல் நான் எழும்பி வந்தது பிழை. "சுவருக்கு அழகு பார்க்க ஒரு உயிரைக் கொல்லுவியோ?" என்று உன் மனைவிக்கு முன்னால் கேட்டதும் பிழை. நீ சத்தம் போடவில்லை. "நான் வருசத்துக்கு ஒண்டு, அப்பா. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தினை?" என்று மட்டும் கேட்டாய்.

இறைச்சி பசிக்கு, கொம்பு பெருமைக்கு என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஹோர்சன்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

நீ காட்டிய படம்தான் மனதில் நின்றது. நீ சுட்டு விழுத்திய மானின் வாயில் இலையோடு ஒரு பச்சைக் கொப்பு. அதன் கடைசி வாய்ச் சாப்பாடு, இங்கத்தைய வேட்டைக்காரர் செய்யும் மரியாதை என்றாய். நான் சிரித்தேன்.

திங்கட்கிழமை இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும்போது வேலியில் ஒரு கொப்பை முறித்து, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். லைனில் தொங்கி வந்த முதல் பன்றியின் வாயில் அதை வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் ஒன்றின் முகத்தைப் பார்த்தேன். அடுத்ததற்குக் கொப்பு இல்லை. கத்தி பிடித்த கை எழும்பவில்லை. என்னால் முழு லைனும் நின்றது. இனி வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவிடம் லீவு என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால், கொப்பு வைத்த அந்த மானின் இறைச்சியில் கொஞ்சம் கொண்டுவா. இப்போது எனக்கு அது மட்டும்தான் தொண்டையில் இறங்கும் போலிருக்கிறது.

உன் அப்பா