ஏகாம்பரகுப்பத்தில் இறங்காதவர்கள்

பையை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அறை முழுவதும் லட்டு மணக்கிறது. நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்த அந்த மணத்தோடு, ஜன்னல் வழியாக மீன் வறுக்கும் வாடையும் உப்புக் காற்றும் வந்து கலந்துகொள்கின்றன. இவையெல்லாம் ஒரே அறையில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் ஒருத்தி நீ.

ஆமாம், மகாபலிபுரத்தில்தான் இருக்கிறேன். நாம் தங்கிய விடுதி இப்போது இல்லை. அது எந்த இடத்தில் இருந்தது என்று தேடிப் பார்த்துத் தோற்றுப்போனேன். அன்றைக்கு நாலைந்து அறைகளும் ஒரு கிணறும் வாசலில் சவுக்குப் பந்தலும் இருந்தன. இப்போது தெரு முழுக்க லாட்ஜ்தான். அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்களும், ஐஸ்க்ரீம் வண்டிகளும், சங்கு மாலை விற்கிறவர்களும் இடித்துக்கொண்டு போகிறார்கள். இருப்பதில் மலிவான லாட்ஜைப் பார்த்து நுழைந்தேன். கட்டில், சுவரில் ஒரு டிவி, குளியலறையில் பக்கெட்டும் மக்கும். தரையில் எவ்வளவு பெருக்கினாலும் போகாத மணல். மணல் மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். முடி கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளத் தலையில் ஒன்றும் பெரிதாக இல்லை. கத்தியைத் தீட்டியவர் என் தலையைப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை தூரம் ஏறி வந்தாய் என்பதுபோல என் முகத்தையும் பார்த்தார். உனக்கு வருஷம் திரும்பட்டும் என்று காத்திருந்து போனேன். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்பாமல் மலை ஏறக் கூடாதே. பாப்பாவுக்கும் நாம் அப்படித்தான் காத்திருந்தோம்.

அவளை நீ ஆடிக் கிருத்திகைக்கு உன் அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாய். பொன்பாடிக்குப் பக்கத்தில் உன் ஊர், நகரிக்குப் பக்கத்தில் என் ஊர். நடுவே ரயிலில் ஒரு வெற்றிலை மெல்லுகிற தூரம். அப்போது இரண்டும் ஒரே சித்தூர் ஜில்லா. திருத்தணியில் காவடி பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு ஆள் வந்து சொல்லி, பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தபோது, அவளை உன் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார்கள். பச்சைப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. உன் நைனா தன் நிலத்திலேயே கிணற்று மேட்டை ஒட்டி அவளைப் புதைத்தார்.

அடுத்த சித்திரை பிறப்பதற்குள் எல்லைத் தகராறு முடிவுக்கு வந்துவிட்டது. திருத்தணிப் பக்கம் மதராஸ் ராஜ்யத்துக்கு, நகரிப் பக்கம் ஆந்திராவுக்கு. டீக்கடையில் எந்த ஊர் எங்கே போயிற்று என்பதே பேச்சாக இருந்தது. தமிழ் வாத்தியாரான எனக்கு, இனி நம் பள்ளிக்கூடம் என்ன ஆகும், இந்த வயதில் தெலுங்கு எழுதப் பழக வேண்டுமா என்கிற கவலை. அதையே புலம்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே நீ கேட்டாய்.

"அப்போ பாப்பா மெட்ராஸ்காரி ஆயிட்டாளா?"

கையில் எடுத்த கவளத்தை வாயில் வைக்க முடியவில்லை. நீ அதைக் கவனிக்காதவள்போல ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாய்.

காய்ச்சல் கண்டபோது உன் முடியைத் தருவதாக நீ வேண்டிக்கொண்டிருந்தாய் என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. முழங்காலைத் தொடும் முடி உனக்கு. குழந்தையைக் காப்பாற்றாத சாமிக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கத்தினேன். நீ கத்தவில்லை.

"பொழைச்சா தரேன்னு நான் வேண்டிக்கலீங்க. தரேன்னு வேண்டிக்கினேன், அவ்ளோதான். பேரமா பேசினேன்?"

உன்னோடு பேசி ஜெயித்தவன் யார்? புரட்டாசியில் பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பினோம். மலையில் நீ குனிந்து உட்கார்ந்ததையும், ஈரமுடி கற்றை கற்றையாகத் தரையில் விழுந்ததையும் நான் பார்க்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். சந்தனம் பூசிய தலையோடு வந்து, "பாரம் கொறைஞ்சிடிச்சிங்க" என்றாய். உன் முகம் வேறு யாருடையதோபோல இருந்தது, காது மட்டும் பாப்பாவின் காது.

திரும்பும்போது ரேணிகுண்டாவில் வண்டி மாறி உட்கார்ந்தோம். லட்டுப் பை உன் மடியில். நம் பக்கத்து வழக்கம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். திருப்பதி போனவர்கள் நேராகத் தம் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வழியில் எந்த உறவுக்காரர் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, தெருவுக்கெல்லாம் பிரசாதம் பங்கிட்டால்தான் யாத்திரை முடியும்.

புத்தூர் தாண்டியது. நம் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் வந்தது. நான் எழுந்து மூட்டையை எடுத்தேன். நீ எழுந்திருக்கவில்லை.

"ஏம்மே, எறங்கு. ஊரு வந்திச்சி."

"இன்னும் கொஞ்சம் தூரம் போலாங்க."

எதிரில் இருந்த தெலுங்குக்கார அம்மாள் நாம் தூங்கிவிட்டோம் என்று நினைத்து, "மீ ஊரு ஒச்சிந்தம்மா, திகண்டி, திகண்டி!" என்று உன் தோளைத் தட்டினாள். இறங்கச் சொல்லி அவள் பதறினாள். நீ அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிளாட்பாரத்தில் நமக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வண்டி நகர்ந்தது. மூட்டையோடு நான் நின்றபடியே இருந்தேன்.

பொன்பாடி தாண்டும்போது நீ ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய். உன் நைனாவின் கிணற்று மேடு ரயிலில் இருந்து தெரியாது. எனக்கு அது தெரியும். இருந்தாலும் நானும் பார்த்தேன். இந்தப் பக்கம் எந்த இடத்தில் ராஜ்யம் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி, இரண்டு பக்கமும் ஒரே வேர்க்கடலைச் செடிகள்தான். உன் அம்மா வீட்டுக்கும் போக முடியாது, பாப்பா கிடக்கும் இடத்துக்கும் போக முடியாது. மடியில் பிரசாதம் இருந்தது.

மதராஸில் இறங்கினோம். பெரம்பூரில் என் சித்தப்பா மகன் வீடு இருந்தது. அதற்கும் அதே தடைதான். பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸில் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நீ அதன் பலகையில் மகாபலிபுரம் என்று எழுத்துக்கூட்டிப் படித்தாய்.

"இங்க போலாங்க. இங்க நமக்கு யாரும் இல்லியே."

யாரும் இல்லாத ஊர் என்று நீ தேர்ந்தெடுத்த ஊரில் ஈ மொய்ப்பதுபோலக் கூட்டம். விடுமுறைக்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இங்கேதான் வந்திருந்தார்கள். மணல் எங்கும் பலூனும் சுண்டலும் அலையைக் கண்டு கூச்சலும். விடுதியில் கடைசியாக இருந்த ஒரு அறை நமக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் சமையற்கட்டு. நீ பையை ஆணியில் மாட்டினாய். கடலைப் பார்க்கப் போகலாம் என்றேன். அப்புறம் என்றாய். ஒரு நாள் முழுவதும் அந்த அப்புறம் வரவில்லை.

பக்கத்து அறையில் சேலத்துப் பக்கத்துக் குடும்பம். அவர்களும் திருப்பதி போய்விட்டு வந்தவர்கள், அவர்கள் ஊரில் நம் வழக்கம் இல்லைபோலும். அவர்களுடைய சின்னப் பெண்ணுக்கும் மொட்டை. சந்தனம் காய்ந்து உதிர்கிற தலையோடு தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் தாய் கிணற்றடியில் உன்னிடம் பேச்சுக் கொடுத்தது எனக்குக் கேட்டது.

"எத்தனை கொழந்தைங்க அக்கா?"

"ஒண்ணுதான். பொட்டப் புள்ள."

"கூட்டியாரலீங்களா?"

"ஊட்ல கீறா."

பாப்பா வீட்டில் இருக்கிறாள் என்கிறாய். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். இனி நீ வீட்டுக்கு வரவே மாட்டாயோ, வந்தாலும் நீயாக வருவாயோ என்று பயந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பயந்ததில்லை.

சாயங்காலம் வலுக்கட்டாயமாக உன்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கூட்டத்தை விட்டு விலகி உட்கார்ந்தோம். முக்காட்டைக் காற்று இழுத்துக்கொண்டே இருந்தது.

"எதுக்கும்மே அந்தப் பொம்பளகிட்ட அப்படிச் சொன்னே?"

நீ முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாய். பிறகு சொன்னாய்.

"ஒரு வருஷமா அவளுக்குன்னு ஒரு வேலை பாக்கி இருந்திச்சி. மலைக்குப் போவணும், முடி குடுக்கணும்னு அதையே நெனைச்சிக்கினு இருந்தேன். ஊட்டுக்குப் போயிட்டா யாத்திரை முடிஞ்சிடும். அப்பால அவளுக்குன்னு செய்யறதுக்கு நமக்கு இன்னா கீது சொல்லுங்க?"

நான் தலையாட்டினேன். நீயே தொடர்ந்தாய்.

"வெளியூர்ல யாருனா கேட்டா ஊட்ல கீறான்னு சொல்லலாம். ஊட்ல குந்திக்கினு அப்படிச் சொல்ல முடியுமா?"

அப்போதுதான் அழுதாய். உன்னோடு நானும் அழுதேன். பாப்பா போனதற்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். சுண்டல்காரர் ஒருவர் கிட்டே வந்து, நம்மைப் பார்த்துவிட்டு, மணியை அடிக்காமல் தாண்டிப் போனார்.

மறுநாள் காலையில் பையில் எறும்பு ஏறிவிட்டது. நீ லட்டை வெளியே எடுத்து இலையில் வைத்து எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தாய். வாசனைக்கு வந்ததோ என்னவோ, அந்தச் சேலத்துப் பிள்ளை வாசற்படியில் வந்து நின்றது. உள்ளே வரவில்லை, கேட்கவும் இல்லை. கையை மட்டும் நீட்டியது.

நான் உன்னைப் பார்த்தேன். வீட்டு விளக்குக்கு முன்னால் வைக்காத பிரசாதம். தெருவில் ஒருவருக்கும் கொடுக்காத பிரசாதம். நீ லட்டைப் பிட்டாய். சின்னக் கைக்கு ஏற்ற அளவாக இன்னொரு தரம் பிட்டு, அதில் ஒட்டியிருந்த ஓர் எறும்பை ஊதிவிட்டு, அந்தக் கையில் வைத்தாய். பிள்ளை அங்கேயே நின்று முழுவதையும் தின்றது. நீ முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டாய். அது ஓடிப் போய்விட்டது.

நீ கொஞ்ச நேரம் வாசற்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு இலையை மடித்துப் பையில் போட்டாய்.

"பங்கு போட்டாச்சிங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நாம் அத்தனை வருஷம் குடித்தனம் செய்தோம். அடுத்து மகன் பிறந்தபோதும், நான் தெலுங்குப் பரீட்சையில் தோற்று உன் கேலிக்கு ஆளானபோதும், உன் நைனாவின் நிலம் கைமாறி அந்தக் கிணற்று மேடே இல்லாமல் போனபோதும், நீ எதற்கும் இன்னொரு தரம் அப்படி உட்கார்ந்துவிடவில்லை. ஆனால் யார் வீட்டுக் குழந்தை கையை நீட்டினாலும், உன் கை முதலில் பிட்டதை இன்னொரு தரம் பிட்டுக் கொடுக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நேற்று உன் மகன் என்னை அழைத்துப் போக நம் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். வண்டி நின்றது. ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான், என் பெட்டிக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. செல்போன் அடித்தது.

"நைனா, எங்க கீறீங்க? நான் ஸ்டேஷன்லயே நின்னுகினு கீறேன்."

"இன்னும் கொஞ்சம் தூரம் போயிட்டு வரேன்டா."

அவன் ஒன்றும் புரியாமல், "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். உன் வளர்ப்பு.

நாளைக்குப் போய்விடுவேன், கவலைப்படாதே. பக்கத்து அறையில் ஒரு குழந்தை இருக்கிறது. சிரிக்கும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. காலையில் பையைத் திறந்து, உன்னைப்போலவே இரண்டு தரம் பிட்டுக் கொடுத்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போவேன். இன்றைக்கு மட்டும் இப்படியே இருந்துகொள்கிறேன். அந்தக் கடற்கரையில் நீ சொன்னதற்குத் தலையாட்டியவன்தான் நான். புரிந்தது இப்போதுதான்.

நான் வந்தபோது, கீழே மேஜையில் இருந்த பையன் முதலில் அறை தர யோசித்தான். வயதான ஆள் தனியாக வந்தால் லாட்ஜில் யோசிக்கத்தான் செய்வார்கள். என் மொட்டையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டே, "அம்மா வரலீங்களா?" என்று கேட்டான்.

"ஊட்ல கீறாங்க" என்றேன்.