எனக்கு நன்றாகவே கேட்கிறது

ஜூன் 3

எழுதப் படிக்க எனக்குத் தெரியாது. செல்போனில் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. மாடியறைக் கதவைச் சாத்திவிட்டு, ரகசியமாகத்தான் பேசுகிறேன். கீழே மருமகள் அஜிதா பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாள். அவளுக்குக்கூட இது தெரியாது.

விஷயம் இதுதான். என் வலது காது போய் ஒன்பது வருஷம். இடதும் போகிற வழியில் இருக்கிறது. ஆரியசாலையில் மிளகாய், மல்லி அரைக்கிற மில்லில் ஐம்பத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். பொடி பதமாகிவிட்டதா என்று முன்பெல்லாம் சத்தத்தில் தெரியும். இப்போது மெஷின் மேல் கையை வைத்தால் நடுக்கத்தில் தெரிகிறது. முதலாளி வினீத்துக்கு இது தெரிந்தால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவான். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? சீரியல் பார்க்கவா? அதுவும் கேட்காதே.

ஜூன் 6

மில்லுக்குப் பின்னால் வந்த புது ஃப்ளாட்டிலிருந்து மில் சத்தத்தைப் பற்றிப் புகார்க் கடிதம். இங்கிலீஷ். வினீத் வாசித்தான், நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை வந்தபோது மட்டும் இரண்டு தரம் நின்று, பல்லால் உதட்டைக் கடித்தான். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவந்து அஜிதாவிடம் நீட்டினேன்.

"டெஃபன், மாமா. செவிடாக்குறதுன்னு அர்த்தம்."

"ஒரு மெஷின் ஆளைச் செவிடாக்குமா?"

"ஆக்கும். ஆனா எப்பவும் அப்பிடியே எடுக்கக் கூடாது. கூட்டத்துல பலமா கை தட்டுனாலும் அதைத்தான் சொல்லுவாங்க. பக்கத்துல பேசுறது கேக்கலேன்னா போதும்."

அதோடு விட்டாளா? யாரும் பேசாமல் இருந்தால் அந்த அமைதியும் செவிடாக்குகிற அமைதியாம். தடித்த டிக்ஷனரியைத் தூக்கிவந்து, சத்தம் தாண்டாமல் சுவரிலும் தரையிலும் எதையாவது அடைப்பதற்கும் பழைய ஆட்கள் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள் என்றாள். சத்தம் போட்டாலும் செவிடு, போடாவிட்டாலும் செவிடு, சுவரும் செவிடு. இத்தனை செவிடர்களை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் நம்மை எப்படி ஆண்டான்?

ஜூன் 9

ஃப்ளாட் செக்ரட்டரி உமாசங்கர் மில்லுக்கே வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை. மிளகாய் நெடிக்கு மூன்று தும்மல். மூன்றும் எனக்குக் கேட்டன, அவ்வளவு பெரிய தும்மல்கள்.

"நிங்ஙள மெஷின் எங்களைச் செவிடாக்குது" என்று மலையாளமும் தமிழும் கலந்து கத்தினார்.

நான் முன்னால் போனேன். "ஸாரே, அம்பத்திரெண்டு வருசமா இது பக்கத்துல நிக்கேன். எனக்கு எந்தக் காது போச்சு?"

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. பெரிதாகச் சிரித்துவைத்தேன். வேலையாட்களும் சிரித்தார்கள். வினீத் மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டாம் தேதி அதிகாரி முன்னால் விசாரணையாம். மில்லுக்கு நான்தான் சாட்சி.

ஜூன் 11

மில்லில் பாக்கெட் கட்டுகிற பெண் அஞ்சு, இன்றைக்கு நான் சொன்ன ஒரே வார்த்தைக்கு மூன்று தரம் "எந்தா? எந்தா?" என்று, என்ன என்ன என்று கேட்டாள். வேலைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் "எந்தா?" பிறகு வெறும் சிரிப்பு.

ஜூன் 12

சோறு இறங்கவில்லை.

ஜூன் 14

மானம் போச்சு. மாடிக்கு ஏறி வந்தா அஜிதா. என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்றா:

"மாமா, நீங்க ரகசியம் பேசுறது பழவங்காடி வரைக்கும் கேக்குது. நீங்க ஆரம்பிச்சா எனக்கு டியூஷன் நின்னு போகுது. பக்கத்து வீட்டு சுஜா சேச்சி டிவியை ஆஃப் பண்ணிட்டு மதில்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காருது. முந்தாநாள் ஒத்த வரிக்கு மேல ஒண்ணுமே சொல்லலேன்னு அதுக்கு விஷமம்!"

ஒற்றை வரியோடு நிறுத்தியதற்கு அந்தம்மாவுக்கு வருத்தமாம். ஐயோ, அவளைப் பற்றி என்னென்ன சொல்லித் தொலைத்தேன்?

"வினீத்துக்கு?"

"முன்னாலயே தெரியும். அதான் ஒங்களுக்கு எதிர வந்து நின்னு பேசுறார்."

ஒன்பது வருஷ நாடகம். ஊரே டிக்கெட் இல்லாமல் பார்த்திருக்கிறது.

"பின்ன ஏன் மக்களே யாரும் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னோம் மாமா. ஒங்களுக்குக் கேக்கல."

ஜூன் 18

போகிற வழியில் வினீத் எனக்கு எதிரே வந்து நின்றான். "அண்ணாச்சி, ஒங்க இஷ்டம்போல சொல்லுங்க" என்றான்.

மெஷின் சத்தம் ஆளைச் செவிடாக்குமா என்று அதிகாரியம்மா கேட்டார். சொன்னேன்: "செவிடாக்கும், மேடம். வலது காது முழுசாப் போச்சு, இடதுல கொஞ்சம் பாக்கி. உமாசங்கர் ஸார் பயப்பட வேண்டாம், அவரு ஜன்னலைச் சாத்திக்கலாம். உள்ள நிக்கிற அஞ்சு எதைச் சாத்தும்?"

செவிடனின் குரல் அல்லவா, வராந்தா முழுக்கக் கேட்டதாம்.

சத்தம் தாண்டாமல் சுவரை அடைக்கும்வரை மில்லை மூட உத்தரவு. திரும்பி வரும் வழியெல்லாம் வினீத் வாய் திறக்கவில்லை. அஜிதா சொன்ன அந்த அமைதி இதுதான் போலிருக்கிறது. இரண்டு காதையும் அடைத்தது.

ஜூலை 8

மில் திறந்தாயிற்று. மெஷினைச் சுற்றி உள்ளே பஞ்சு அடைத்த சுவர். எல்லாருக்கும் மஞ்சள் நிறத்தில் காதுமூடி. வினீத் எனக்கும் ஒன்று நீட்டினான்.

"இதை வச்சு எதைக் காப்பாத்த?"

"பாக்கியை" என்றான்.

மல்லி மூட்டை தீர்ந்ததும் அஞ்சுவைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். காதில் மஞ்சள் மூடியோடு அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தபடி பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள்.

சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே நின்றேன்.