ஏலக்கூடத்துப் பெட்டிக்குப் புது பயாஸ்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

சௌக்கியமா என்று கேட்க வாய் வரவில்லை. கோபம்தான் வருகிறது. மழையில் பைக் எடுக்காதே, பஸ் பிடித்து வா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? சரி, விடு. அதை ஆரம்பித்தால் இந்தக் கடிதம் அழுகையிலேயே முடிந்துவிடும். உன் பெட்டியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கடப்பாக்கத்து மீன் ஏலக்கூடத்தில், எடைத் தராசுக்கு மேலே பலகை அடித்து வைத்துவிட்டுப் போனாயே, டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர், அதைத்தான் சொல்கிறேன். லினக்ஸ் போட்டு, இன்டர்நெட்டில் வரும் கடல் எச்சரிக்கையை அதுவே படித்துக்கொள்ளும்படி பண்ணினாய். விடியற்காலையில் கூரைமேல் இருக்கிற குழாய் ஸ்பீக்கரில் அது ஊருக்கே சொல்லும். "அலை ஜாஸ்தியா கீது. இன்னிக்கு யாரும் போட்டை இறக்காதீங்க." கம்ப்யூட்டர் குரல் வைத்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நீயே உட்கார்ந்து பேசிப் பதிந்தது. நீ போன பிறகும் காற்று எழும்பிய நாள்களில் நீ பேசினாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று கேட்பேன். கேட்டு முடித்துவிட்டு உன்னை நாலு திட்டு திட்டுவேன்.

அப்புறம்தான் பெட்டிக்கு நோய் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று உறைந்து போகும். லைட் மட்டும் எரியும். தட்டினாலும் அசையாது, வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினால்தான் எழும். எப்போது உறையும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விடியலில் அப்படித்தான் உறைந்து கிடந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. கரையில் எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். நீ பேசவில்லை. "முரளி பேசலன்னா கடல் நல்லா கீதுன்னு அர்த்தம்டா, தள்ளுங்க" என்று என் வீட்டுக்காரர், உன் மாமாதான் முதலில் போட்டைத் தள்ளினார். உடைகிற அலையைத் தாண்டவில்லை, போட் கவிழ்ந்துவிட்டது. உன் மாமா நீந்தி வந்துவிட்டார். கூடப் போன பாபுவின் கால் போட்டுக்கு அடியில் மாட்டி, முட்டிக்குக் கீழே முறிந்துவிட்டது.

பாபுவின் பெண்டாட்டி சரோஜாவை உனக்குத் தெரியும். அவள் வாய்க்கு முன்னால் ஊரே அடங்கும். ஏலக்கூடத்து வாசலில் வந்து நின்று, "உன் தம்பி செத்தும் எங்களைக் கொல்றான்டி" என்றாள். உன் மாமாவும் அன்றைக்கு வீட்டில், "தூக்கிப் போடு அந்த டப்பாவை" என்றார். கஞ்சியைக் கொட்டிவிட்டு எழுந்து போனேன்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "திருவிழா முடிஞ்சதும் கழட்டிடும்மா கலா. இன்னிக்குப் பேசும், நாளிக்குப் பேசாதுன்னா அதை நம்பி எவன் கடலுக்குப் போவான்?" அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கழற்றிவிட்டால் அடுத்த காற்றுக்கு யார் சொல்வார்கள்? உன் மாமா வானத்தைப் பார்த்துவிட்டே இறங்குகிற ஆள். வானம் பல நாள் பொய் சொல்லும்.

உன் ஆபீஸ் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அவன் எதையெதையோ டைப் பண்ணச் சொன்னான். பண்ணிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அக்கா, லினக்ஸ் மேல தப்பு இல்ல. பயாஸ் பழசு. சும்மா இருக்கும்போது பெட்டி ரொம்ப ஆழமாத் தூங்கிடுது, அதால எழ முடியல. புது பயாஸ் வந்திருக்கு, போட்டா சரியாயிடும்" என்றான். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறவளுக்கு பயாஸ் எங்கே தெரியும்? அவன்தான் புரிய வைத்தான். லினக்ஸ் எழுவதற்கு முன்னால் எழுந்து, அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது பயாஸ்தானாம். மாற்றும்போது நடுவில் கரண்ட் போனால் கதவு திறக்க ஆளே இருக்காது. பெட்டி வெறும் தகரம். "கரண்ட் மட்டும் போகக் கூடாதுக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

உன் குரலை முதலில் பென்டிரைவில் காப்பி எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். குரல் தப்பிக்கும். பேச வாய் இருக்குமா என்பதுதான் கேள்வி.

நாள் பார்த்தேன் பாரு, அதைக் கேள். அம்மன் ஊர்வலத்தன்று சாயங்காலம். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், ஏலம் கிடையாது, கூடத்தில் ஈ காக்கை இருக்காது, வயரை யாரும் இடறமாட்டார்கள். உன் வருஷம் திரும்பாத துக்கக்காரி, எனக்கும் ஊர்வலத்தில் வேலை இல்லை; உன் மாமாவுக்கு அந்தத் தடை கிடையாது. ரொம்ப புத்திசாலி மாதிரி நினைத்துக்கொண்டேன்.

இ-சேவை மையத்துத் திரையைக் கொண்டுவந்து மாட்டினேன். புது பயாஸ் இருக்கிற இன்னொரு பென்டிரைவைச் சொருகினேன். அவன் சொன்ன கீயைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து, அவன் சொன்ன வரியைத் தேர்ந்தெடுத்து, உன் பேரைச் சொல்லி அழுத்தினேன். அணைக்காதே என்று சிவப்பெழுத்து வந்தது. கீழே ஒரு பட்டை ஊர ஆரம்பித்தது.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது.

முரளி, நம் தெருவில் கரண்ட் கம்பி தாழ்வாகத் தொங்கும் இல்லையா? அம்மன் பல்லக்கு அலங்காரத்தோடு இரண்டாள் உயரத்துக்கு மேல் நிற்கும் இல்லையா? வருஷா வருஷம் பல்லக்கு தெருமுனைக்கு வந்ததும் தலைவர் பச்சைத் துண்டை ஆட்டுவார், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்கிற லைன்மேன் கரண்டை நிறுத்துவார். சின்ன வயசில் அந்தத் துண்டைப் பார்க்கத்தானே நாம் இரண்டு பேரும் முண்டியடித்து ஓடுவோம்! அதை எப்படி மறந்தேன்?

பரவாயில்லை, இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று திரும்பினேன். வயர் இரண்டும் காற்றில் தொங்கின. பேட்டரியை அம்மன் சீரியல் லைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆரம்பிக்கும் முன்னே பார்க்காதவளை என்ன சொல்ல?

பட்டை பாதிகூடத் தாண்டவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பல்லக்கு தெருமுனையை நெருங்கிக்கொண்டிருந்தது. முன் தண்டில் உன் மாமா தோள் கொடுத்து வருகிறார். தலைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"அண்ணா, கரண்டை எடுக்காதீங்க! கொஞ்ச நேரம் பொறுங்க. முரளி பெட்டிக்குப் புதுசா ஏத்திக்கினு கீறேன், பாதியில கீது."

"இன்னாம்மா இது, ஒரு டப்பாவுக்காக சாமியை நிறுத்தச் சொல்றியா? தோள்ல வெச்சிக்கினு நிக்கறாங்க பாரு பசங்க. ஓரம் போ. துக்கக்காரி நீ, குறுக்க வேற வர."

அந்த வார்த்தை சுரீர் என்றது. நான் வழிமறிக்கக் கூடாதுதான். ஆனால் நம் ஊரில் அம்மனை நிறுத்த ஒரே ஒரு வழி உண்டு. ஒரு வீட்டு வாசலில் பெண்பிள்ளை தட்டோடு வந்து நின்றால், தீபாராதனை காட்டித் தேங்காய் உடைக்கிற வரைக்கும் பல்லக்கு நகரக் கூடாது. அந்தத் தட்டை இந்த வருஷம் என் கை தொட முடியாது. தெருமுனையில் இருக்கிற வீடோ சரோஜாவுடையது.

அவள் வாசலில்தான் நின்றிருந்தாள். பக்கத்தில் பாபு, காலில் கட்டோடு நாற்காலியில். என்னைப் பார்த்தாள். நான் கும்பிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முடிந்தது என்று நினைத்தேன். துண்டு மேலே போயிற்று.

"நில்லுங்க!" உள்ளேயிருந்துதான் சத்தம் வந்தது. "என் வூட்டுத் தட்டு இன்னும் எடுக்கல. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"கம்பு குடுங்கடா!" என்று உன் மாமா கத்தினார். தாங்குகம்பை ஊன்றிப் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். தலைவர் துண்டை இறக்கினார்.

சரோஜா தட்டோடு வந்தாள். தேங்காயை மறந்துவிட்டேன் என்று மறுபடி உள்ளே போனாள். தூக்கிகள் ஒவ்வொருவர் காலுக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், தன் மாமியார் வழக்கமாம். மாமியார் அப்படி ஊற்றி எவனும் பார்த்ததில்லை! கற்பூரம் ஏற்றினாள், கடல்காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது.

"எத்தினி தபா ஏத்துவ?" என்றார் தலைவர்.

"காத்து அணைச்சா நான் இன்னா பண்ணுவேன்? இந்தக் காத்தைச் சொல்லத்தான அங்க ஒரு டப்பா கீது?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "போடி, போய்ப் பாரு. என் வூட்டுக்காரன் கால் போனது போதும்" என்றாள்.

ஓடினேன். பட்டை நிரம்பி நின்றது. திரை கறுத்தது. பிறகு பெட்டி தானாக எழுந்தது, முடிந்தது என்று எழுத்து வந்தது. வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். சரோஜா தேங்காயை உடைத்தாள். துண்டு ஆடியது, கரண்ட் போனது, அம்மன் கம்பிக்கு அடியில் நகர்ந்தாள்.

கதை முடிந்தது என்று நினைத்தாயா? கரண்ட் திரும்பி வந்தது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. பெட்டி எழவில்லை. எப்போதும் கரண்ட் வந்ததும் தானே எழுந்து, உன் குரலில் ஒரு வார்த்தை சொல்லுமே?

சரோஜா தட்டோடு பின்னாலேயே வந்துவிட்டாள். "இன்னாடி, செத்துப் போச்சா? அம்மனையே நிக்க வெச்சேனேடி!"

அப்புறம்தான் உன் சிநேகிதன் சொன்னது ஞாபகம் வந்தது. புது பயாஸ் ஏறினால் பழைய ஏற்பாடெல்லாம் அழிந்துவிடும். கரண்ட் வந்தால் தானே எழு என்று நீ சொல்லி வைத்திருந்ததும் அதில் ஒன்று. அதற்கு உன் சொல் மறந்துவிட்டது, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினேன்.

"கரண்ட் வந்துச்சு. நானும் வந்துட்டேன்" என்றது கூரை.

சரோஜா தராசு மேடையில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பாவி, சாவகாசமா வந்து சொல்றான் பாரு" என்று உன்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள், நானும்தான்.

தானே எழு என்று மறுபடி அதற்குச் சொல்லி வைத்துவிட்டேன். பேட்டரியைத் திருப்பி வாங்கிப் பூட்டிவிட்டேன். இதுவரைக்கும் உறையவில்லை. போன வாரம் காற்று எழும்பியது, நீ பேசினாய், ஒரு போட்கூட இறங்கவில்லை. உன் மாமா சங்கடமாகத் தலையைச் சொறிந்துகொண்டே, "டப்பா இருக்கட்டும்" என்றார். கழற்றும் பேச்சைத் தலைவரும் எடுக்கவில்லை.

ஆனால் முரளி, ஒன்று கேட்கிறேன். ஆபத்து என்றால் பேசு, இல்லையென்றால் சும்மா இரு என்று பெட்டிக்குச் சொன்னாயே. செத்தவனும் சும்மாதான் இருப்பான் என்று உனக்கு ஏன்டா தோன்றவில்லை? அந்த வயசில் எப்படித் தோன்றும்?

அதனால் நானே பேசிப் பதிந்துவிட்டேன். உன் சிநேகிதன் போனில் சொல்லச் சொல்லப் பெட்டியில் ஏற்றினேன். குரல் கொஞ்சம் நடுங்குகிறது, சரோஜா கேலி பண்ணுகிறாள். "கடல் நல்லா கீது. போயிட்டு வாங்க." இனி கெட்ட நாளில் நீ பேசு, நல்ல நாளில் நான் பேசுகிறேன். இரண்டு பேரும் பேசாத விடியலில் இந்தக் கரையிலிருந்து ஒரு போட்டும் இறங்காது. இறங்க விடமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் குரலுக்குப் பக்கத்திலேயே குரல் வைத்திருக்கும்,
உன் அக்கா கலா