பதிவேட்டில் உள்ள பெயர்

தேகு,
2020 மார்ச் 19, வியாழன்.

தாஹே அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. தினமும் காலையில் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு உங்கள் ரத்தத் தட்டணு எண்ணிக்கையைக் கேட்ட பிறகுதான் பல்லே தேய்க்கிறேன். நேற்று பதினோராயிரம், இன்று ஏழாயிரம். ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்றார். புற்றுநோய் மருந்தால் வாயெல்லாம் புண்ணாக இருப்பவரைப் பேச வைக்க மனமில்லாமல்தான் எழுதுகிறேன். தனிமையில் இருப்பவள் கை பட்ட காகிதம் உங்கள் வார்டுக்குள் வரக்கூடாதாம். போட்டோ எடுத்து அனுப்பினால் நர்ஸம்மா அச்செடுத்துத் தருவார்.

எனக்கு ஒன்றுமில்லை. நம் கடையில் ஏழு ஜோடி செருப்பைப் போட்டுப் பார்த்து ஒன்றும் வாங்காமல் போனாளே, அவளுக்குத்தான் கொரோனாத் தொற்று உறுதியானது. எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, இன்றோடு ஒன்பது நாள். நகராட்சி ஆட்கள் வாசலில் அரிசியும் கடற்பாசியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். இருப்புக் கொள்ளவில்லை. குளிர்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தப்பு நடந்துவிட்டது. செய்தவள் நான்.

கையிருப்பு இல்லை, தட்டணு கொடுக்க ஏ வகை ரத்தக்காரர்களை நீங்களே தேடுங்கள், அவர்கள் ரத்த மையத்தில் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் அல்லவா? உங்கள் கால்பந்துக் குழுவுக்கும் சந்தைக் குழுவுக்கும் போனில் அன்றே எழுதிப் போட்டேன். மூன்று பேர் போனார்கள். வெளியே தலைகாட்டவே எல்லாரும் நடுங்கும் நேரத்தில் போனார்கள். மீன்கேக் விற்கும் மிர்யாங் அக்கா மட்டும், "என் மருமகனை ஊசி போடுற இடத்துக்கு அனுப்பி நோயை வாங்கிட்டு வரச் சொல்றியா?" என்று போனில் கத்தினாள். மையத்துக்கே கேட்டுச் சொன்னேன்: நேரம் குறித்துத்தான் வரச் சொல்கிறார்கள், காய்ச்சல் பார்க்கிறார்கள், படுக்கைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஊசி ஒருவருக்கு ஒன்று. மறுநாளே மருமகனை மூன்றாவது ஆளாக அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று பேர் கொடுத்தும் உங்களுக்கு ஒரு பை கூட வரவில்லை. விசாரித்தால், அந்த ஆஸ்பத்திரியில் குவாக் ஜின்தே என்று நோயாளியே கிடையாதாம். தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காதென்று வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவர்களாவது பிழைக்கட்டும். ஆனால் கொடுத்த மூவராலும் இன்னும் இரண்டு வாரத்துக்குக் கொடுக்க முடியாது.

குவாக் ஜின்தே! குழுவில் நான் எழுதிப் போட்ட பெயர்; கடைப் பலகையிலும் அதுதானே இருக்கிறது. உங்கள் தாத்தா அரசுப் பதிவேட்டில் எழுதி வைத்த பான்தோல் என்ற பெயர் பண்ணையாள் பெயர் மாதிரி இருக்கிறதென்று, அதை யாரிடமும் சொல்லக்கூடாதென்று கல்யாணத்தன்றே என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். இருபத்தாறு வருஷம் காப்பாற்றினேன். காப்பாற்றிக் காப்பாற்றி, எழுதும்போது அந்தப் பெயர் நினைவுக்கே வரவில்லை. என் கையை அடுப்பில் வைக்கலாம் போல இருக்கிறது.

நேற்று சத்தியத்தை மீறினேன். "நோயாளியின் பெயர் குவாக் பான்தோல். இதுதான் உண்மையான பெயர்" என்று இரண்டு குழுவிலும் போட்டேன். உடனே உங்கள் கோல்கீப்பர் யாங், "அடப்பாவி, இவன்கூட இருபது வருஷமா பந்து ஆடுறேன், பான்தோல்னு ஒரு வார்த்தை சொன்னானா?" என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் சந்தையே சிரித்துக் கிடக்கிறது. மிர்யாங் அக்கா, "பேரைப் பாரு, பேரிலேயே தோல்னு கல்லு இருக்கு. இவனுக்கா சாவு வரும்?" என்றாள். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

யாங் இன்று காலை முதல் ஆளாகப் போனார். இரண்டு நாளாகத் தொண்டை கரகரப்பு இருந்திருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கதவுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றாராம். கேள்வித்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதியதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தங்கச்சி, என்னை மன்னிச்சிரு" என்று போனில் விசும்பினார். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் படுத்திருக்கும் உங்களை நினைத்தேன், மையத்தில் பக்கத்துப் படுக்கையில் ரத்தம் கொடுப்பவர்களையும் நினைத்தேன். "நல்லது செஞ்சீங்கண்ணே, போய்ப் படுங்க" என்றேன்.

அவருக்குப் பதிலாக அவர் மச்சான் போனார். மூன்று மணிக்கு முடிந்தது. வாசலிலிருந்தே எனக்குப் போன் செய்து, பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். பரிசோதனை முடிந்து நாளை மதியம் உங்களுக்கு வந்துவிடும். சனிக்கிழமைக்கு இன்னொருவர் இருக்கிறார்.

திட்டுவதானால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள். வாய் ஆறிய பிறகு ஆசை தீரத் திட்டுங்கள், எதிர்த்துப் பேச மாட்டேன். இப்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். பையை மாட்டும் முன் நர்ஸம்மா உங்கள் பெயரைக் கேட்பார். வாய் வலித்தாலும் பரவாயில்லை, பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. குவாக் பான்தோல் என்று சொல்லுங்கள். நாளை சொல்லுங்கள், சனிக்கிழமை சொல்லுங்கள், கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
தாஹே அம்மா