வெறும் வயிற்றோடு போக வேண்டும்

5.8.96 திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணியெல்லாம் கூடத்திலேயே காய்கிறது.

கமலத்துக்கு வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். எழுதி வைத்தால்தான் எனக்கு நிதானம் வரும். எனவே:

1. கர்ப்பப்பை எடுத்தபோது போட்ட பழைய தையல். அதன் அடியில் வயிற்றுச் சுவர் விட்டுப்போய்க் குடல் பிதுங்குகிறது. முன்பு இருமினால் மட்டும். இப்போது சும்மா நின்றாலே.
2. பெரிய வெட்டு இல்லை. சாவித்துவாரம் போலச் சில துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். உள்ளே வலைத்துண்டு வைத்து ஓட்டையை மூடுவார்கள்.
3. சீக்கிரம் வீடு திரும்பலாம்.
4. கமலத்துக்குப் பயம் இல்லை. பயம் எனக்கு மட்டும்.

டாக்டர் சீனர், இளவயது, வெளிநாட்டுப் படிப்பு. பொறுமையாகத்தான் பேசினார். கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. குடல் அந்த ஓட்டையில் சிக்கி, வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாதாம். இதைக் கேட்டது முதல் கமலம் தும்மினாலும் எழுந்து நிற்கிறேன்.

6.8.96 செவ்வாய்

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் கமலத்துக்கு விளக்கினேன். தொப்புள், துளைகள், வலை. முதலில் காற்று அடைத்து வயிற்றை உப்ப வைப்பார்கள், அப்போதுதான் உள்ளே கருவிகளுக்கு இடம் கிடைக்கும் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எவ்வளவு காத்து?"

"தேவையான அளவு."

"ம்."

வேறு கேள்வி இல்லை. துணிச்சல்காரி.

பக்கத்து வீட்டு ராஜம்மா வாசலில் நின்றபடியே, "ஆடி மாசத்துல போய் கத்தி வைப்பாங்களா சார்?" என்றாள். கத்தி இல்லை, துளைதான் என்றேன். "ஓ, துளைக்கு ஆடி பரவாயில்லையா?" கமலம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாங்கம் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

சாந்தி கோலாலம்பூரிலிருந்து போன். லீவு கிடைக்கவில்லை, சனிக்கிழமைதான் வருவாள். "அப்பா, நீங்க டென்ஷன் ஆகி அம்மாவையும் டென்ஷன் ஆக்காதீங்க லா." சரி என்றேன்.

8.8.96 வியாழன்

நல்ல வெயில். வார்டில் சேர்த்தாயிற்று. கொண்டுபோனவை: சாரோங், துண்டு, சிலிப்பர், திருநீறு, பிளாஸ்க். தண்ணீரே கூடாது எனும்போது பிளாஸ்க் எதற்கு? தெரியவில்லை. கொண்டுபோனேன்.

வார்டு நர்ஸ் தமிழ் மிஸ்ஸிதான். "அம்மா, நடுராத்திரிக்கு மேல ஒண்ணும் கூடாது. தண்ணி கூட வேணாம். வெறும் வயித்தோட வரணும், சரியா?" நான் அதையே கமலத்துக்குத் திருப்பிச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை.

பக்கத்துக் கட்டிலில் மேரியக்கா, பாகான் டாலாம்காரர், பித்தப்பையில் கல். "சார் வாத்தியாரா?"

"இல்லைங்க, கிளார்க்கா இருந்தேன்."

"அதான் பாத்தேன். மிஸ்ஸி சொல்றதயெல்லாம் காப்பி எடுக்கறாரே!"

கமலம் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிக்காதே, பிதுங்கும் என்றேன்.

9.8.96 வெள்ளி

மாலை. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆடி வெள்ளி. காலையில் அம்மன் கோவில். கமலம் பெயருக்கு அர்ச்சனை, பால் அபிஷேகம். ஐயர் வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் கொடுத்தார். நேரே வார்டுக்குப் போனேன். கமலம் பச்சை அங்கியில், சின்னவளாகத் தெரிந்தாள். நெற்றியில் திருநீறு வைத்தேன். பஞ்சாமிர்தத்தை ஒரு விரல் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றாள். இலையோடு கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டாள்.

சாப்பாடு என்று தோன்றவே இல்லை. பிரசாதம். அவ்வளவுதான் மனதில்.

மிஸ்ஸி வந்தாள். "ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லையே," என்றாள் கமலம். நானும் தலையாட்டினேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லை.

தள்ளுவண்டி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மேரியக்கா என் கையிலிருந்த வெற்றிலையை, இல்லை, வாழையிலையைப் பார்த்தார். "சார், அதுல வாழப்பழம்தானே இருந்துச்சு?"

"பிரசாதம்ங்க."

"சாமி குடுத்தாலும் வாழப்பழம் வாழப்பழம்தானே சார்?"

அப்படியே நின்றேன். சொன்னால் ஆப்பரேஷன் நின்றுவிடும். கேமரா வைத்துச் செய்பவர் இங்கே அந்தச் சீன டாக்டர் ஒருவர்தான், மறுமுறை எப்போதோ. அதற்குள் குடல் சிக்கினால்? சொல்லாவிட்டால்? ஒரு விரல் அளவுதானே. ஒரு விரல் இல்லை, முழு இலை. அவர்கள் கூப்பிடாமல் நானாக எந்த டாக்டரிடமும் போய்ப் பேசியவனில்லை. ஓடினேன். கதவருகில் ஒரு மலாய் மிஸ்ஸி. வாயில் வந்தது, "பிசாங்! பிசாங்!" என்பதுதான். வாழைப்பழம் விற்க வந்தவன் என்று நினைத்திருப்பாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, சொன்னது நல்லது என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்று இல்லை. மறு தேதி கடிதத்தில் வரும். எப்போது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

10.8.96 சனி

மூட்டம். வீட்டில். சாந்தி மதிய பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் என்ன சொல்வது?

கமலம் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். காலையிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நான்தான் கொடுத்தேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று.

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது கூடாதுன்னு. நீங்கதான் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களே."

"பின்ன ஏன் வாங்கின? இன்னும் வேற கேட்ட?"

திரும்பவில்லை. "வயித்துல காத்து அடைப்பாங்கன்னு படம் போட்டுக் காட்டினீங்க. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல. திரும்பி வர மாட்டேன்னுதான் நெனச்சேன். போறதே போறோம், வாய் இனிப்போட போவோம்னு..."

அடுப்பைக் குறைத்தாள். காலண்டர் தாள் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

"மறுபடி எப்ப கூப்பிடுவாங்க?"

தெரியாது என்றேன்.

"அப்பவும் காத்து அடைப்பாங்களா?"

ஆமாம் என்றேன்.

திங்களன்று எழுதியதில் எண் 4 தவறு.